பூட்டிய வீட்டின் அலாரமும் ஏசியும்: தீவகத்தில் ஒரு புதிய தொழில்

பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று புங்குடுதீவு வரைக்கும் தெருவோரத்தில் எழும்பியிருக்கும் புது மாடி வீடுகளில் பல, வருடத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர் ரொறன்ரோவில், சூரிச்சில், லண்டனில். பள்ளி விடுமுறைக்கோ ஊர்க்கோயில் கொடியேற்றத்துக்கோ குடும்பத்தோடு வந்து இரண்டு மூன்று கிழமை நிற்பார்கள். பிறகு திறப்பு அயல்வீட்டுக்குப் போய்விடும். இந்த வீடுகளுக்குக் கமராவும் அலாரமும் பூட்ட யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒருவர் வருகிறார். ஏசி பூட்ட இன்னொருவர். வயரிங் செய்தவர் மூன்றாமவர். மூவரும் தத்தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்பதோ வேறு:

"தம்பி, நாங்கள் வந்திறங்க முதலே அறையைக் குளிர வைக்கலாமோ? அலாரம் அடிச்சால் எனக்கு இங்க தெரியுமோ? ஏசியை நிப்பாட்ட மறந்திட்டு பிளேன் ஏறினால் என்ன செய்யிறது?"

மூன்றுக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஆள் தீவகத்தில் இன்று அரிது. மின்வேலை படித்துவிட்டு வேலை தேடுகிற, அல்லது நகரத்தில் ஏசி மெக்கானிக்கிடம் உதவியாளாக நிற்கிற ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். அலாரத்துக்கு ஆள் உண்டு, ஏசிக்கும் ஆள் உண்டு. இரண்டும் சந்திக்கிற இடத்துக்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் பிடிக்க வேண்டியது அந்த இடத்தை.

முதலில் மின்சாரத்தைப் படியுங்கள்

தீவகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மின்சாரக் கணக்கில் அது இரண்டு உலகம். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவை தாம்போதிகளால் குடாநாட்டோடு ஒட்டியவை; தேசிய மின்வலையிலிருந்தே அவற்றுக்கு மின்சாரம் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்கும் கடலுக்கு அப்பால். அங்கே மின்சார சபையின் டீசல் இயந்திரங்களே நீண்டகாலம் ஊரைத் தாங்கின. எழுவைதீவில் சூரியஒளி, காற்று, பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்த கலப்பு நிலையம் முதலில் வந்தது. மற்ற மூன்று தீவுகளுக்குமான திட்டம் முதலில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. பிறகு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் மாதம் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த ஒப்பந்தத்தின் கணக்கு இது: மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியஒளி, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி பற்றரி, ஒத்தாசைக்கு 2,500 கிலோவாட் டீசல்.

ஏசி வேலைக்காரர் இந்த எண்களை மனதில் வைத்திருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. 12,000 பீடியூ ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும். இரவு பத்து மணித்தியாலம் அப்படியே ஓடினால் பத்து யூனிட். 240 அறைகளில் இப்படி ஓடினால் மூன்று தீவின் பற்றரியும் அந்த ஓரிரவிலேயே காலி. இன்வேர்ட்டர் ஏசி அறை குளிர்ந்த பிறகு இதில் ஒரு பங்கைத்தான் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஆனி மாதம் நாகபூசணி அம்மன் கொடியேறி, நயினாதீவில் விடுதி விடுதியாக அறைகள் நிரம்பும் நாளில் மின்சாரம் ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் என்ன நடக்கும்? எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் கிளம்பும். சிறிய வலையால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது, மறுபடி விழும்.

உங்கள் முதல் சேவை இங்கேயே பிறக்கிறது. மின்சாரம் திரும்பியதும் அறைகள் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் எனப் பிந்திப் பிந்தித் தொடங்கும்படி, ஏசிகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எழுதிவைப்பது பெரிய வித்தையல்ல; செலவும் இல்லை. அதைச் செய்து கொடுத்தவரின் பெயர் விடுதிக்காரர் வாயில் நிற்கும். இன்வேர்ட்டர் அல்லாத பழைய ஏசியைக் கடல் தாண்டிய தீவுக்கு எடுத்துப்போகச் சொல்பவரிடம், மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

அலாரம் தனித்து நிற்க வேண்டும்

இந்தத் தொழிலில் ஒரேயொரு விதியைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் அது இது. வீட்டைத் தானியக்கமாக்குகிற பெட்டி செத்துப்போனாலும், ரவுட்டர் தொங்கிப்போனாலும், கோபுரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும், மின்சாரமே இல்லாவிட்டாலும் அலாரம் அலற வேண்டும். அதனால் அலாரப் பலகைக்குத் தனிப் பற்றரி, தனிச் சைரன், தனிச் சிம். கதவுக் காந்தத்திலிருந்தும் அசைவு சென்சரிலிருந்தும் வரும் வயர் நேராக அந்தப் பலகைக்கே போக வேண்டும். தானியக்கப் பெட்டி, பலகை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். பலகைக்குக் கட்டளையிடக் கூடாது.

எப்படிக் கேட்பது? நல்ல அலாரப் பலகைகளில் நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய வெளியீட்டு முனைகள் இருக்கும். அலாரம் காவலுக்குப் பூட்டப்பட்டது, அலாரம் அடிக்கிறது, மின்சாரம் போய்விட்டது என மூன்று நிலைக்கும் மூன்று முனையை ஒதுக்கி, சிறு ரிலே வழியாகத் தானியக்கப் பெட்டியின் உள்ளீட்டுக்குக் கொடுத்தால் போதும். மின்னோட்டமே கலக்காத, திறந்து மூடுகிற வெறும் தொடுப்பு. எந்தக் கம்பனிப் பலகைக்கும் எந்தக் கம்பனிப் பெட்டிக்கும் இது பொருந்தும். இரண்டு கம்பனியின் மேகச் சேவையை இணையத்தில் முடிச்சுப்போட்டு இணைப்பதைவிட நூறு மடங்கு நம்பிக்கையானது. அந்த முடிச்சு, கம்பனி ஒரு நாள் தன் விதியை மாற்றினால் அறுந்துபோகும். ரிலே அறாது.

பற்றரிக் கணக்கையும் கையிலேயே வைத்திருங்கள். வழக்கமான 12 வோல்ட், 7 அம்பியர்மணி பற்றரி. பலகையும் சென்சர்களும் சேர்ந்து 200 மில்லிஅம்பியர் எடுத்தால் தாளில் 35 மணித்தியாலம். நடைமுறையில் ஒரு நாள் நின்றாலே நல்லது. 2022 மார்ச்சில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். வெக்கையில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இந்தப் பற்றரிகள் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். மாற்றும் திகதியைப் பற்றரியின் மேலேயே மையால் எழுதிவிடுங்கள்.

ஏசி அலாரத்தைக் குழப்பும் விதம்

நகரத்து அலாரக்காரருக்கு ஏசி தெரியாததாலும், ஏசிக்காரருக்கு அலாரம் தெரியாததாலும் வருகிற பொய் அலாரங்களே அதிகம். அசைவு சென்சர் பார்ப்பது அசைவை அல்ல; அறையின் பின்னணி வெப்பத்துக்கும் அதைக் கடந்து போகும் உடம்பின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏசியின் குளிர்காற்று நேரே அதன் முகத்தில் பட்டாலோ, திரைச்சீலையை ஆட்டினாலோ அது அலறும். பல்லி சென்சரின் கண்ணாடிமேல் ஊர்ந்தாலும் அலறும். ஆகவே ஏசி எந்தச் சுவரில் வருகிறது என்று தெரியாமல் சென்சருக்கு ஓட்டை போடாதீர்கள். ஏசியின் அதே சுவரில், அது ஊதும் திசைக்குப் பக்கவாட்டில் வைப்பதே பெரும்பாலும் சரிவரும்.

இதைவிட ஆபத்தானது எதிர்மாறான கோளாறு. பூட்டிய வீட்டின் மேல்மாடி, சித்திரை வெயிலில் 35 பாகைக்கு மேல் போகும். அறைச் சுவரும் மனித உடம்பும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் சென்சருக்கு வித்தியாசம் தெரியாது. கள்ளன் நடந்தாலும் அது வாய் திறக்காமல் இருந்துவிடலாம். வெப்பத்துக்கேற்பத் தன் உணர்திறனைத் திருத்திக்கொள்ளும் சென்சரையோ, நுண்ணலையும் சேர்ந்த இரட்டைச் சென்சரையோ வாங்குங்கள். அதற்கும் முன்னதாக எல்லாக் கதவிலும் யன்னலிலும் காந்தத் தொடுப்பைப் பூட்டுங்கள். காந்தத்துக்கு வெயிலும் தெரியாது, பல்லியும் தெரியாது. வயதான பெற்றோர் தனியாக இருக்கிற வீடென்றால் இரவில் காந்தத்தை மட்டும் விழிக்கவைத்து, உள்ளே இருக்கிற சென்சர்களை உறங்கவிடலாம். அம்மா தண்ணீர் குடிக்க எழும்பினால் ஊரே எழும்பத் தேவையில்லை.

எதை இணைப்பது, எதைத் தொடக்கூடாது

அலாரத்தைக் காவலுக்குப் பூட்டிவிட்டு ஆட்கள் வெளியே போனதும் ஏசி நிற்க வேண்டும். யன்னல் இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் அந்த அறையின் ஏசி நிற்க வேண்டும். இரண்டும் வீட்டுக்காரரின் மின்கட்டணத்தில் நேரே தெரிகிற இணைப்புகள். இவற்றைச் செய்து காட்டினால் மீதிக்குத் தானாகவே சம்மதிப்பார். மூன்றாவது இணைப்பு புகைச் சென்சருக்கும் ஏசிக்கும். புகை எழுந்தால் ஏசியின் விசிறி அதை அறைக்கு அறை பரப்பக்கூடாது. இதை மட்டும் மென்பொருளிடம் விடாமல், கொன்ராக்டர் என்கிற மின்காந்தச் சுவிட்சை வைத்து வயரிலேயே அறுத்துவிடுங்கள்.

மற்ற நேரங்களில் ஏசியின் மின்சாரத்தை வெளியிலிருந்து அறுக்காதீர்கள். ஸ்மார்ட் பிளக் ஒன்றில் ஏசியைச் செருகி, போன் மூலம் அணைத்து ஏற்றுவது கடையில் பார்க்க அழகாக இருக்கும். கம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்து உடனே திரும்பினால் குழாயில் அழுத்தம் சமப்படாத நிலையில் அது மறுபடி கிளம்பப் பார்க்கும். நிறுத்தியதற்கும் தொடங்குவதற்கும் இடையே குறைந்தது மூன்று நிமிடம் வேண்டும். ஏசிக்குக் கட்டளை அதன் சொந்த மொழியிலேயே போகவேண்டும்.

அந்த மொழி மூன்று விதம். மலிவானது அகச்சிவப்பு: ரிமோட் அனுப்புவதையே ஒரு சிறு பெட்டி அனுப்பும். எந்தப் பழைய ஏசிக்கும் பொருந்தும். ஆனால் ஏசி கேட்டதா இல்லையா என்று பெட்டிக்குத் தெரியாது. ரொறன்ரோவில் இருப்பவரின் திரையில் 'அணைந்தது' என்று காட்டும். புங்குடுதீவில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து, ஏசியின் வயரைச் சுற்றி மின்னோட்டத்தை அளக்கிற வளையம் ஒன்றைப் பூட்டுவது. கட்டளை போன பிறகு மின்னோட்டம் விழவில்லையென்றால் மறுபடி அனுப்பு, மூன்று முறைக்குப் பிறகும் விழாவிட்டால் எனக்குச் சொல் என்று பெட்டிக்கு எழுதிவிடலாம். இரண்டாவது விதம் ஏசிக்காரக் கம்பனியே தரும் வைஃபை அட்டை. ஏசியின் உண்மையான நிலை தெரியும், ஆனால் பல மாதிரிகளில் கம்பனியின் சேவர் வழியாகவே போகவேண்டும். மேற்றர் என்கிற பொதுத் தரம் 2022 ஒக்டோபரில் வந்து, 2023 ஒக்டோபரில் வெளியான 1.2 பதிப்பில் அறை ஏசியையும் புகை அலாரத்தையும் சேர்த்துக்கொண்டது. புதிதாக வாங்குகிறவரிடம் அந்த முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மூன்றாவது, பல அறைகளுக்கு ஒரே வெளிப்பெட்டி இருக்கும் விடுதிகளில் வருகிற மொட்பஸ். 1979இல் பிறந்த தரம். இன்றும் இரண்டு கம்பியில் விசுவாசமாக ஓடுகிறது. இதைப் படித்த ஏசி மெக்கானிக் சாதாரண வீட்டு வேலையிலிருந்து விடுதி வேலைக்கு ஏறிவிடுவார்.

தொடக்கூடாதவை இரண்டு. போன் வீட்டை நெருங்கியதும் அலாரம் தானாகத் திறக்கும் வசதியை எவ்வளவு கெஞ்சினாலும் செய்து கொடுக்காதீர்கள். குரல் சொல்லி அலாரத்தைத் திறப்பதையும் அப்படியே. யன்னலுக்கு வெளியே நின்று கத்துகிறவனுக்கும் குரல் உண்டு.

இணையம் போன பிறகும் வேலை செய்யும் வீடு

ஒன்றரை அடி சுண்ணாம்புக்கல் சுவர் வைத்த பழைய நாற்சார் வீட்டில் வைஃபை ஓர் அறை தாண்டுவதே பெரிய காரியம். ஒன்று அடுத்ததுக்குச் செய்தியைக் கைமாற்றும் சிக்பீ வகைச் சாதனங்கள் அங்கே உதவும். நிரந்தர மின்சாரத்தில் ஓடும் சுவிட்சுகள் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பற்றரிச் சென்சர் பொதுவாகக் கைமாற்றாது. மூளையாக, வீட்டுக்குள்ளேயே இருந்து இணையம் இல்லாமலும் இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருள் இதற்கு நல்லது. காசு இல்லை, சிறு கணினியிலேயே ஓடும், பழகுவதற்கு உங்கள் மேசையே போதும்.

நெடுந்தீவில் தரவு இணைப்பு தளர்ந்த நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடுவதுண்டு. ஆகவே அலாரத்தின் சிம் முதலில் குறுஞ்செய்தி அனுப்பட்டும். படமும் செயலியும் பிறகு. அந்தச் சிம்மில் காசு முடிந்து இலக்கம் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வருடாந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கவேண்டும்.

யாருக்கு முதலில் அழைப்புப் போகவேண்டும் என்று வீட்டுக்காரரோடு இருந்து பேசி எழுதி வாங்குங்கள். ஆடி மாதம் இங்கே அதிகாலை 2 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் பின்னேரம் 4.30, மனிதர் வேலையில் நிற்பார். சூரிச்சில் இரவு 10.30. இருவருமே படலையைத் திறந்து பார்க்கமுடியாது. முதல் அழைப்பு திறப்பு வைத்திருக்கும் அயலவருக்கு, இரண்டாவது உங்களுக்கு, மூன்றாவதுதான் வீட்டுக்காரருக்கு. பொலிஸின் 119க்குத் தானாக அழைக்கும்படி வைக்காதீர்கள். மனிதக் கண் ஒன்று பார்த்த பிறகு மனித வாய் சொல்லட்டும்.

உப்பும் சோளகமும்

இயந்திரங்களைத் தீவகத்தில் கொல்வது உப்பு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்று கடல்நீரைத் தூளாக்கிக் கொண்டுவந்து சுவரில் அப்பும். ஏசியின் வெளிப்பெட்டியிலுள்ள அலுமினியத் தகடுகள் முதலில் வெண்பொடியாகும், பிறகு உதிரும். வெளிப்பெட்டியைத் தெற்கு, தென்மேற்குச் சுவர்களில் வைக்காமல் வீட்டின் காற்றுமறைவான பக்கம் கொண்டுபோங்கள். குழாய் இரண்டு மீற்றர் கூடினாலும் பரவாயில்லை. உப்பைத் தாங்கும் பூச்சுள்ள தகடா என்று கேட்டு வாங்குங்கள். தாங்கிச் சட்டத்துக்குச் சாதாரண இரும்பாணி போட்டால் அடுத்த சோளகத்துக்குள் துரு ஒழுகும். 316 வகைத் துருவேறா எஃகே போடுங்கள்.

கழுவவேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. எந்தத் தண்ணீரால்? நெடுந்தீவிலும் வேறு பல இடங்களிலும் கிணற்றுநீரே உவர். அதனால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. ஏசி தானே ஒவ்வொரு நாளும் லீற்றர் கணக்கில் நீர் வடிக்கிறது. காற்றிலிருந்து ஒடுங்கிய அந்த நீரில் உப்பு இல்லை. வடிகுழாயை ஒரு மூடிய கலனுக்குள் விட்டு, சேர்ந்த நீரால் வெளிப்பெட்டியை மாதமொருமுறை கழுவ, வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குப் பழக்கிக் கொடுங்கள். குடிக்கக்கூடாது என்று கலனில் எழுதியும் விடுங்கள்.

உப்பு பெட்டிகளுக்குள்ளும் போகும். ரிலேயின் தொடுப்பில் பச்சை பூத்தால் அலாரத்தின் குரலை ஏசி கேட்காது. வெளியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் தூசியும் நீரும் புகாத வகையாக இருக்கவேண்டும். வயர் நுழையும் வாய் எப்போதும் கீழ்ப்பக்கம். வாயை அடைத்து முத்திரையிட வேண்டும். அந்த முத்திரை எறும்புக்கும் பல்லிக்கும் சேர்த்துத்தான். வெளிப்பெட்டியின் மின்பலகையில் பல்லி குறுக்கே விழுந்து பலகையே போன கதையைத் தீவகத்து ஏசிக்காரர் எவரிடமும் கேட்கலாம்.

வாடைக் காலத்தில் இடி. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழையோடு மின்னல் இறங்கும்போது கணத்தில் எகிறும் வோல்ட்டைத் தாங்க, பிரதான பலகையிலேயே மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். தடுப்பான் வேலை செய்ய நல்ல மண்தொடுப்பு வேண்டும். நெடுந்தீவில் ஓரடி மண்ணுக்குக் கீழே முருகைக்கல், தடி இறங்காது. இறங்காத இடத்தில் தடியை வெட்டி மிச்சத்தை மறைத்துவிட்டுப் போகிற கைகாரர்கள் உண்டு. அது உயிர் ஆபத்து. கிடையாகப் பள்ளம் வெட்டிச் செப்புப் பட்டி புதைக்கலாம், தடி இறங்கும் ஈரமான இடத்தைத் தேடிப் பல தடிகளை இணைக்கலாம். எதைச் செய்தாலும் கருவி வைத்து அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

இடிக்கு டிரிப் சுவிட்ச் விழுந்துவிட்டால் பூட்டிய வீட்டில் அதை நிமிர்த்த ஆளில்லை. குளிர்சாதனப்பெட்டி, கமரா, ரவுட்டர் எல்லாம் படுத்துவிடும். ஊருக்கு மின்சாரம் போனதா, வீட்டுக்கு மட்டும் போனதா என்பதை வேறுபடுத்திச் சொல்கிற அலாரம் இங்கேதான் தன் விலையைச் சம்பாதிக்கும். பிரதான டிரிப்புக்கு முன்னும் பின்னும் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு சிறு ரிலே போதும். அதை அங்கீகாரமுள்ள மின்வேலையாளைக் கொண்டு பூட்டுங்கள்.

படிப்பும் சான்றும்

மின்வேலை, ஏசி ஆகிய இரண்டு கைத்தொழிலில் ஒன்றிலாவது தேசியத் தொழிற்தகைமைச் சான்று வேண்டும்; மற்றதில் கைப்பழக்கமாவது வேண்டும். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் விசாரியுங்கள். பல வருடம் வேலை செய்தும் கையில் தாள் இல்லாதவர்கள், முன்அனுபவத்தை மதிப்பிட்டு அந்தத் தகைமையையே வழங்கும் ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பறையில் திரும்ப உட்காரத் தேவையில்லை. தீவகத்தில் இதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் அண்ணன்மார் நிறையப்பேர்.

ஏசியின் குளிரூட்டும் வாயு பற்றிய பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். பழைய ஆர்22 உலகெங்கும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்410ஏ புவியைச் சூடாக்கும் அளவு கரியமில வாயுவைப்போல 2,088 மடங்கு. இன்று கடைக்கு வரும் ஆர்32இன் அளவு 675. ஆர்32 மெல்லத் தீப்பற்றும். பழைய கருவியோடு, பீடி பற்றவைத்தபடி வாயு நிரப்பும் காலம் முடிந்துவிட்டது. வெற்றிடப் பம்பு இல்லாமல் வேலைக்குப் போவதும் முடிந்துவிட்டது.

படகுக்கூலி உள்ளிட்ட விலை

நகரத்தவரைவிட உங்களுக்கு உள்ள பலம் நீங்கள் அங்கேயே இருப்பது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் நயினாதீவுக்குப் போகக் கால் மணித்தியாலம் சொச்சம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். கடல் பொங்கினால் படகு ஓடாது. நகரத்துக் கம்பனி ஒரு பழுதுக்கு நாளை மறுநாள் என்று சொல்லும் இடத்தில் நீங்கள் சைக்கிளில் போய் நிற்கலாம். ஆனால் இந்தப் பலத்தை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். விலைத்தாளில் பொருள், கூலி, படகுக்கூலி, இரண்டாம் வருகை, வருடாந்தப் பராமரிப்பு என்று தனித்தனியே எழுதுங்கள். பராமரிப்பு வருடத்தில் இரண்டு தடவை: வைகாசியில் வீட்டுக்காரர் வருவதற்கு முன் ஒன்று, வாடை ஓய்ந்து தையில் ஒன்று. ஒரு வீட்டைப் பூட்டிக்கொடுப்பதில் வரும் இலாபம் ஒருமுறை வரும். இருபது வீட்டின் பராமரிப்பு மாதச் சம்பளம்போல வரும். நெடுந்தீவுக்கு ரிலே, பற்றரி, அகச்சிவப்புப் பெட்டி ஆகியவற்றில் ஒவ்வொன்று எப்போதும் கூடுதலாகக் கொண்டுபோய் அங்கேயே வையுங்கள். பத்து ரூபா ஃபியூஸ் ஒன்றுக்காக ஒரு நாள் படகில் போய்வருவது தொழிலைத் தின்றுவிடும்.

வீடுகளோடு நின்றுவிடவும் வேண்டாம். மீன் ஐஸ் அறைக்கு வெப்பம் ஏறினால் செய்தி அனுப்பும் அலாரமும், தடுப்பூசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் அலாரமும் இதே ரிலே, இதே சிம், இதே அறிவுதான். நெடுந்தீவின் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுக்கிற வீடுகள் கூடிக்கொண்டிருக்கின்றன. அங்கே விருந்தாளி அறையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனதும் ஏசி நின்றால் அதுவே முதலாளிக்குப் பெரிய மிச்சம்.

நம்பிக்கை பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் திறப்பு அயலவரிடம் இருக்கலாம்; கடவுச்சொல் உங்களிடம் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அவரையே புதிய சொல் வைக்கச் சொல்லி, உங்களுக்குப் பழுதுபார்க்கும் தனிக்கணக்கு ஒன்றை மட்டும் அவர் சம்மதத்துடன் வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றடி கமராவில் தெரிகிறதா என்று அயலவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. நாளை நீங்கள் கம்பனியாகப் பதிந்து ஐம்பது வீட்டின் பதிவுகளை வைத்திருக்கும்போது அது உங்களைக் கேள்வி கேட்கும்.

ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரரை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து காட்டுங்கள். ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டுப் பின்கதவைத் திறவுங்கள்: சைரன் அலறவேண்டும், அயலவரின் போன் ஒலிக்கவேண்டும். பிரதான சுவிட்சை இறக்கிவிட்டு அதையே மறுபடி. மின்சாரத்தை ஏற்றி, ஏசிகள் பிந்திப் பிந்தித் தொடங்குகின்றனவா என்று மணிக்கூட்டைப் பாருங்கள். யன்னலைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். புகைச் சென்சரின் சோதனைப் பொத்தானை அழுத்தி, ஏசியின் மின்சாரம் அறுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் தாளில் திகதியிட்டு, திறப்பு வைத்திருப்பவரிடம் ஒரு பிரதியும் வீட்டுக்காரருக்கு ஒரு பிரதியும் கொடுத்துவிட்டு, மிச்சக் காசை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.